மூன்று எண்கள் நாகலாபுரம் பக்கம் வந்த வழி

விஜயநகரத்திலிருந்து நாகலாபுரத்துக்கு வரும் வழி பழையது. கிருஷ்ணதேவராயர் தன் தாய் நாகலாம்பாளின் பெயரில் ஏற்படுத்திய ஊர் என்றுதான் ஊத்துக்கோட்டை, சுருட்டப்பள்ளிப் பக்கத்தில் சொல்வார்கள். வேதநாராயணர் கோயிலும் அவர் திருப்பணிதான். பங்குனியில் மூன்று நாள் மாலை வெயில் கோபுர வாசலுக்குள் நேராகப் புகுந்து, முதல் நாள் பெருமாளின் பாதத்திலும், மறுநாள் நாபியிலும், மூன்றாம் நாள் திருமுடிப் பக்கமும் விழும். திசை பார்த்துக் கட்டிய கோயில். ஊர் இருப்பது ஆந்திரத்தில். 2022 வரை சித்தூர் மாவட்டம், இப்போது திருப்பதி மாவட்டம். கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் சரிசமமாகப் புழங்கும்.

இன்று அதே விஜயநகரப் பக்கத்திலிருந்து வேறொன்று இந்தப் பக்கம் வர வழியிருக்கிறது. ஹம்பியிலிருந்து அதிக தூரமில்லாத தோரணகல்லில் ஜே.எஸ்.டபிள்யூ. நிறுவனத்தின் விஜயநகர் எஃகு ஆலை நிற்கிறது. நாகலாபுரத்துக்கு வடகிழக்கே, சத்தியவேடு வட்டாரத்தில் ஸ்ரீசிட்டி. அங்கே இசுசு நிறுவனம் 2016இல் வண்டி ஆலையைத் திறந்தது. 2020இல் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பையும் சேர்த்துக்கொண்டது. எந்த ஆலையின் எஃகு எந்த பிரஸ்ஸுக்குப் போகிறது என்பது அவரவர் வியாபாரம். அதற்குள் நான் நுழையவில்லை. நான் பின்தொடரப்போகும் எஃகுச் சுருள் கற்பனை. அது சுமந்து வரும் மூன்று எண்கள் கற்பனையல்ல. இன்றைய கார்க் கதவுகள் பெரும்பாலும் அவற்றைக் கடந்துதான் வருகின்றன.

முதலில் சுருளின் பிறப்பு. இருநூறு மில்லிமீட்டருக்கு மேல் தடித்த எஃகுப் பாளத்தைப் பழுக்கக் காய்ச்சி உருளைகளுக்கு நடுவே விட்டு நான்கு மில்லிமீட்டர் போலக் குறைக்கிறார்கள். பிறகு ஆறிய நிலையிலேயே மறுபடி உருட்டி 0.7 மில்லிமீட்டருக்குக் கொண்டுவருகிறார்கள். கதவின் வெளித்தகட்டுக்கு அந்தத் தடிமன் போதும். இந்த உருட்டலில் எஃகுக்குள் இருக்கும் கோடிக்கணக்கான படிகங்கள் நசுங்கி நீண்டு ஒரே போக்கில் படிகின்றன. பிறகு 800 டிகிரியை ஒட்டிச் சூடாக்கி ஆற்றுவார்கள். அப்போது பழைய படிகங்கள் மறைந்து புதியவை முளைக்கும். சூடு எல்லாவற்றையும் அழித்து எழுதிவிடும், திசையெல்லாம் போய்விடும் என்று நினைக்கத் தோன்றும். போவதில்லை. புதிதாக முளைக்கும் படிகங்களும் ஒரு ஒழுங்கில்தான் முளைக்கின்றன. கார்த் தகட்டில் அந்த ஒழுங்கு வேண்டுமென்றே வரவழைக்கப்படுவது. கரியை ஆயிரத்தில் சில பங்கு சதவீதம் வரை உறிஞ்சி எடுத்து, மிச்சத்தை டைட்டானியத்தாலும் நையோபியத்தாலும் கட்டிப்போட்டால், சூடேற்றிய பிறகு படிகங்களில் பெரும்பாலானவை தங்கள் மூலைவிட்டம் தகட்டுக்குச் செங்குத்தாக நிற்கும்படி அமைகின்றன. தொழிலில் இதற்கு ஐ.எஃப். எஃகு என்று பெயர். இப்படி நிற்கும் படிகங்கள் தகட்டின் தளத்துக்குள் தாராளமாக நழுவும். தடிமன் போக்கில் நழுவ மறுக்கும். இழுத்தால் மெலியாத தகடு கிடைப்பது இதனால்தான்.

ஆகத் தகட்டுக்குத் திசை உண்டு. ரவிக்கை தைக்கத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: நேராக வெட்டிய துணி ஒரு மாதிரி இழுபடும், கிராஸ் கட் போட்ட துணி வேறு மாதிரி இழுபடும். எஃகில் நெசவு கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவே. கண்ணுக்குத் தெரியாததை எண்ணாக்க வேண்டும்.

அந்த எண்கள் ஆலையின் சோதனைக்கூடத்தில் பிறக்கின்றன. சுருளின் ஓரத்திலிருந்து மூன்று துண்டுகள் வெட்டுவார்கள்: ஒன்று உருட்டிய திசையிலேயே, ஒன்று அதற்குக் குறுக்கே, ஒன்று 45 பாகை மூலைவாட்டாக. ஒவ்வொன்றையும் இயந்திரத்தில் கவ்வவைத்து இழுப்பார்கள். ஐ.எஸ்.ஓ. 10113 என்ற தரநிலை முறையைச் சொல்கிறது. துண்டு நீளும்போது அகலமும் குறையும், தடிமனும் குறையும். அகலச் சுருக்கத்தைத் தடிமன் சுருக்கத்தால் வகுத்தால் கிடைப்பது ஆர் மதிப்பு. 20 மி.மீ. அகலமும் 0.70 மி.மீ. தடிமனும் கொண்ட துண்டை 20 சதவீதம் நீட்டுகிறோம் என்று வையுங்கள். ஆர் மதிப்பு 1 என்றால் அகலமும் தடிமனும் ஒரே வீதத்தில் குறைந்து, தடிமன் 0.64க்கு வந்துவிடும். ஆர் மதிப்பு 2 என்றால் அகலம் 17.7க்குச் சுருங்கி, தடிமன் 0.66இலேயே நின்றுவிடும். வித்தியாசம் மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு. கதவு கிழிவதற்கும் கிழியாமல் இருப்பதற்கும் நடுவே பல சமயம் இவ்வளவுதான் இடைவெளி.

வேடிக்கை என்னவென்றால், தடிமனை யாரும் அளப்பதில்லை. இவ்வளவு சிறிய மாற்றத்தை நம்பிக்கையாக அளக்க முடியாது. நீளத்தையும் அகலத்தையும் அளந்துவிட்டு, உலோகத்தின் கன அளவு மாறாது என்ற விதியை வைத்துத் தடிமனைக் கணக்கால் வரவழைக்கிறார்கள். பிரஸ்ஸில் தகடு எப்படி நடக்கும் என்று கணக்கிடும் முழு மாதிரியாக்கத்துக்கும் அடித்தளமான எண்ணே பாதி அளவு, பாதி கணக்கு.

நல்ல ஐ.எஃப். தகட்டுக்கு மூன்று எண்கள் 1.8, 1.6, 2.2 என்கிற மாதிரி வரும். மூலைவாட்டுத் திசையை இருமுறை சேர்த்துச் சராசரி எடுத்தால் 1.8. சாதாரண எஃகு 1ஐச் சுற்றி நிற்கும், அலுமினியம் 0.6, 0.8 என்று கீழே கிடக்கும், டைட்டானியம் 3ஐத் தாண்டும். இப்படி அளந்து பார்க்கலாம், அதை வைத்துத் தகடு பிரஸ்ஸில் எப்படி நடந்துகொள்ளும் என்று முன்கூட்டியே சொல்லலாம் என்று காட்டியவர்கள் லாங்க்ஃபோர்டும் அவருடைய இரண்டு கூட்டாளிகளும். ஆண்டு 1950, இடம் அமெரிக்கா. அதுவரை பிரஸ் ஷாப்காரர்கள் தகட்டை வளைத்துப் பார்த்து, கடினத்தைப் பார்த்து, மிஞ்சினால் சப்ளையரைத் திட்டி வேலை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரே வலிமை, ஒரே நீட்சி என்று காகிதத்தில் இருக்கும் இரண்டு தகடுகளில் ஒன்று ஃபெண்டர் ஆகும், மற்றது கிழியும். ஏன் என்று சொல்ல அவர்களிடம் எண் இல்லை.

சராசரி மட்டும் போதாது என்பதை ஒரு டம்ளர் காட்டும். வட்டத் தகட்டை எடுத்து, பஞ்ச் எனும் உலோகக் கட்டையால் அழுத்தி டம்ளர் இழுத்தால் விளிம்பு சமமாக வராது. மேடும் பள்ளமுமாக அலையும். மேடுகளைக் காது என்பார்கள். நம் உதாரண எண்களில் நேர் திசையும் குறுக்குத் திசையும் உயர்ந்து, மூலைவாட்டு தாழ்ந்திருப்பதால், நேரிலும் குறுக்கிலுமாக நான்கு காதுகள் எழும். எவர்சில்வர் பாத்திரப் பட்டறையில் அதை வெட்டித் தள்ளிவிட்டு விளிம்பை மடித்துவிடுவார்கள். பான டப்பா செய்கிறவர்களுக்கு அப்படித் தள்ள முடியாது. கோடிக்கணக்கில் டப்பா அடிக்கிறவர்கள் ஒவ்வொரு டப்பாவிலும் இரண்டு மில்லிமீட்டர் அலுமினியத்தை வெட்டி எறிந்தால் கணக்கு எங்கே போய் நிற்கும்?

இந்தக் காதுகளைச் சமன்பாட்டால் விளக்கிய முதல் பெரிய முயற்சி லாங்க்ஃபோர்டுக்கும் இரண்டு ஆண்டு முந்தியது. இங்கேதான் நம் மூன்று எண்களுக்கு வீடு கட்டிக் கொடுத்தவர் வருகிறார். ராட்னி ஹில், 1921இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பக்கத்தில் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். இரண்டாம் உலகப்போரில் கென்ட்டில் ஃபோர்ட் ஹால்ஸ்டட் என்ற இடத்தில் ஆயுத ஆராய்ச்சிக் குழுவில் சேர்ந்தார். குழுத் தலைவர் நெவில் மாட், பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர். குண்டு தடித்த கவசத் தகட்டை எப்படித் துளைக்கிறது என்பது ஹில்லுக்குத் தரப்பட்ட வேலை. உலோகம் மீள முடியாத அளவு உருமாறும்போது என்ன நடக்கிறது என்ற கேள்விக்குள் அவர் இப்படித்தான் இழுக்கப்பட்டார். போர் முடிந்தது, கேள்வி முடியவில்லை. 1948இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் திசைப்பண்புள்ள உலோகங்களின் மீளா உருமாற்றம் பற்றிய கட்டுரை வெளிவந்தது. அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. இரண்டு ஆண்டு கழித்து வந்த அவருடைய பாடநூல் இன்றும் படிக்கப்படுகிறது.

ஹில் செய்தது என்ன? அவருக்கு முன்பே, 1913இல், ஃபான் மீசஸ் ஒரு விதி தந்திருந்தார். உலோகத்தின் மீது எல்லாத் திசைகளிலும் விசைகள் வேலை செய்யும்போது, அவற்றின் வித்தியாசங்களை வர்க்கமாக்கிக் கூட்டினால் வரும் தொகை ஒரு வரம்பைத் தொட்டதும் உலோகம் நிரந்தரமாக வளையத் தொடங்கும். ஆனால் அந்த விதியில் எல்லாத் திசையும் ஒன்று. ஹில் ஒவ்வொரு உறுப்புக்கும் முன்னால் ஒரு எடை வைத்தார். ஒரு திசைக்கு இவ்வளவு எடை, இன்னொன்றுக்கு அவ்வளவு. எடைகள் எல்லாம் சமமானால் பழைய மீசஸ் விதியே திரும்பக் கிடைத்துவிடும். முழு வடிவில் எடைகள் ஆறு. மெல்லிய தகட்டுக்கு நான்கு போதும். அந்த நான்கையும் நிர்ணயிக்க மூன்று ஆர் மதிப்புகளும், எந்த அழுத்தத்தில் தகடு வளையத் தொடங்குகிறது என்ற ஒரே ஒரு எண்ணும் இருந்தால் போதும். மூன்று துண்டு வெட்டி மூன்று முறை இழுத்தால் வேலை தீர்ந்தது. அந்தக் கட்டுரையிலேயே டம்ளரின் காதுகள் எங்கே எழும் என்பதையும் கணக்கிட்டுக் காட்டினார்.

இதைவிட நுணுக்கமான வழி அப்போதே இருந்தது. ஜி. ஐ. டெய்லர் 1938இலேயே ஒவ்வொரு படிகமாக எடுத்து, அது எந்தத் தளங்களில் நழுவும், ஒரு பொது உருமாற்றத்துக்குக் குறைந்தது ஐந்து நழுவல்கள் வேண்டும் என்றெல்லாம் கணக்குப் போட்டிருந்தார். உண்மைக்கு மிக அருகில் நிற்பது அதுதான். ஆனால் ஒரு கதவுத் தகட்டில் இருக்கும் படிகங்களை ஒவ்வொன்றாகக் கணக்கிட அன்று மனித ஆயுள் போதாது. இன்றும் கணினிக்கு அது எளிய வேலையல்ல. ஹில்லின் சமன்பாடு படிகங்களைப் பார்ப்பதே இல்லை. அவை எல்லாம் சேர்ந்து வெளியே காட்டும் குணத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. என் பார்வையில் அதன் பலம் இந்தச் சிக்கனம்தான். அது சரியான சமன்பாடு என்பதால் நிலைக்கவில்லை. மூன்று இழுப்புக்கு மேல் கேட்பதில்லை என்பதால் நிலைத்தது.

சமன்பாடு இருந்தும் முப்பது ஆண்டு அது பிரஸ் ஷாப்புக்குள் வரவில்லை. டம்ளருக்குக் கையால் கணக்குப் போடலாம். கதவுக்குக் கையால் போட முடியுமா? தகட்டை ஆயிரக்கணக்கான சிறு சதுரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் சமன்பாட்டைத் தீர்க்கும் முறை வந்த பிறகே வழி திறந்தது. ஜெனரல் மோட்டார்ஸைச் சேர்ந்த வாங் என்பவரும் ஹார்வர்டின் புடியான்ஸ்கியும் தகடு அழுத்துதலுக்கு அப்படி ஒரு கணக்கை 1978இல் வெளியிட்டார்கள். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆயுத ஆய்வகத்தில் ஜான் ஹால்க்விஸ்ட் டைனா3டி என்ற நிரலை எழுதி முடித்திருந்தார். விமானத்திலிருந்து விழும் அணுகுண்டு தரையில் மோதும்போது அதன் உடல் என்ன ஆகும் என்பதைக் கணக்கிட எழுதியது. அதன் வாரிசான எல்.எஸ்.-டைனா இன்று கார் மோதலையும் தகடு அழுத்துதலையும் கணக்கிடுகிறது. கவசத்தைத் துளைக்கப் பிறந்த சமன்பாடும் குண்டைக் காக்கப் பிறந்த நிரலும் கடைசியில் ஒரு பிக்கப் வண்டியின் பின்கதவில் சந்தித்துக்கொண்டன. போர் ஆராய்ச்சிக்கு இப்படி ஒரு சமாதான ஓய்வூதியம் கிடைப்பது அபூர்வம்.

1991இல் சூரிக்கில் நியூமிஷீட் என்ற மாநாடு தொடங்கியது. இரண்டு ஆண்டு கழித்து ஜப்பானில் நடந்த கூட்டத்தில் ஒரே சதுரக் கிண்ணத்தைப் பல குழுக்களுக்குக் கொடுத்து, அவரவர் நிரலில் கணக்கிட்டு வரச் சொன்னார்கள். விடைகள் சிதறின. கேள்வி ஒன்று, தகடு ஒன்று, எண்களும் அவையே. நிரல், சதுரங்களின் அளவு, உராய்வைப் பற்றிய ஊகம் ஆகியவை ஆளுக்கு ஆள் வேறு. மூன்று எண்களும் ஒழுங்காக இருந்தாலும் மீதிப் பாதை ஒழுங்காக இருக்க வேண்டுமென்பது இல்லை.

ஹில்லுக்கு நேரடி அடி எஃகிலிருந்து வரவில்லை, அலுமினியத்திலிருந்து வந்தது. 1970இல் உட்தார்ப், பியர்ஸ் என்ற இருவர் அலுமினியத் தகட்டை எல்லாப் பக்கமும் சமமாக இழுபடும்படி உப்ப வைத்து அளந்தார்கள். ஆர் மதிப்பு 0.7 போல இருந்தால், இரு பக்க இழுப்பில் தகடு ஒரு பக்க இழுப்பைவிட எட்டு சதவீதம் குறைந்த அழுத்தத்திலேயே வளைந்துகொடுக்க வேண்டும் என்பது ஹில் சமன்பாட்டின் தீர்ப்பு. தகடு நேர்மாறாக நடந்தது, குறையவில்லை, கூடியது. ஹில் இதை மறுத்துச் சண்டை போடவில்லை. 1979இல் தானே வேறொரு சமன்பாட்டைக் கொண்டுவந்தார், 1990களிலும் திருத்திக்கொண்டே இருந்தார். 2011இல் அவர் காலமானபோது, அவர் பெயரில் பல சமன்பாடுகள் இருந்தன. வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது பெரும்பாலும் மூத்ததுதான்.

அலுமினியத்துக்கு மருந்து வேறு பக்கத்திலிருந்து வந்தது. மிச்சிகனில் ஹாஸ்ஃபோர்ட் என்பவர் படிகக் கணக்குகளை ஒட்டிப் பார்த்து, வர்க்கத்துக்குப் பதிலாக எட்டாம் படி போட வேண்டும் என்று கண்டுபிடித்தார். எஃகுக்கு ஆறாம் படி. படி உயர்ந்தால் வரம்பு வளைவு நீள்வட்டமாக இல்லாமல் மூலைகள் கூர்ந்து வரும். அல்கோவா நிறுவனத்தில் இருந்த ஃப்ரெடெரிக் பார்லா அதை எடுத்துக்கொண்டு 1989 முதல் வரிசையாகச் சமன்பாடுகள் தந்தார். 2003இல் வந்ததற்கு எட்டு எண்கள் வேண்டும், 2005இல் வந்ததற்குப் பதினெட்டு. அந்தப் பதினெட்டு எண் சமன்பாடு ஒரு காரியம் செய்தது. ஹில்லின் சமன்பாட்டால் நான்கு காதுகளுக்கு மேல் காட்ட முடியாது. மெய்யான அலுமினியக் கிண்ணங்களில் ஆறும் எட்டும் எழுவது உண்டு. அவற்றை 2006இல் யூனும் பார்லாவும் கூட்டாளிகளும் கணினியில் எழுப்பிக் காட்டினார்கள்.

பதினெட்டு எண்கள் என்றால் எத்தனை சோதனை? பதினைந்து பாகைக்கு ஒன்றாக ஏழு துண்டு இழுக்க வேண்டும், உப்பல் சோதனை வேண்டும், அதற்கும் மேல் படிகக் கணக்கில் எடுத்த ஊகங்கள் வேண்டும். டப்பா ஆலைக்குக் கட்டுப்படியாகும். தாழ்ப்பாளுக்குத் தாங்கு தகடு அடிக்கும் அம்பத்தூர் பட்டறைக்கு?

நம் பக்கத்தில் இந்த வேலை யார் செய்தார்கள் என்று தேடினால் திருச்சி என்.ஐ.டி. வரும். அங்கே ஆர். நாராயணசாமி, சி. சத்திய நாராயணன் ஆகியோர் ஐ.எஃப். எஃகுத் தகடுகளை வெவ்வேறு தடிமனில் எடுத்து, எவ்வளவு இழுத்தால் கிழியும், எங்கே சுருக்கம் விழும் என்று வரம்புகளை வரைந்து 2000களின் பிற்பாதியில் வெளியிட்டார்கள். ஐ.ஐ.டி. பம்பாயில் படிகங்களின் ஒழுங்கை அளக்கவே ஒரு தேசிய மையம் இருக்கிறது. சென்னையைச் சுற்றியுள்ள வண்டி நிறுவனங்களின் வடிவமைப்பு அலுவலகங்களில் இந்தக் கணக்குப் போடும் பொறியாளர்கள் நிறைய. பெரும்பாலோர் இயந்திரப் பொறியியல் முடித்தவர்கள். பட்டியலிலிருந்து தகட்டைத் தேர்ந்து, மூன்று எண்களைத் தட்டி, ஹில் 48 என்ற பொத்தானை அழுத்தும்போது அந்த 48 ஒரு ஆண்டு என்பது சிலருக்குத் தெரியும், சிலருக்கு அது வெறும் மாடல் எண். தெரியாததால் கணக்கு தப்பிவிடாது.

திரையில் சிவப்பு விழுந்தால் கிழியும், ஊதா விழுந்தால் சுருங்கும். பொறியாளர் ஓரத்தில் தகட்டைப் பிடிக்கும் பிளாங்க் ஹோல்டரின் அழுத்தத்தை மாற்றுவார், டை எனும் அச்சின் மூலை வளைவைக் கொஞ்சம் பெரிதாக்குவார், தகட்டை வெட்டும் திசையையே திருப்பிப் பார்ப்பார். திருப்புவதில் ஒரு சங்கடம் உண்டு. சுருளின் அகலம் கையிருப்பில் உள்ளதுதான்; கதவை 45 பாகை சாய்த்து வெட்டினால் தகடு நல்லபடி இழுபடலாம், ஆனால் சுருளில் பாதி கழிவாகப் போகும். திசை எவ்வளவு முக்கியம் என்று கணினி சொன்னாலும், கடைசியில் வாங்கும் பிரிவுதான் திசையை முடிவு செய்கிறது.

பிறகு டை வார்த்து, கடைந்து, பிரஸ்ஸில் ஏற்றுவார்கள். முதல் தகட்டை ஃபிட்டர் நீல மை தடவிப் பார்க்கிறார். மை பட்ட இடத்தில் டை தகட்டைத் தொடுகிறது, படாத இடத்தில் தொடவில்லை. கல் போட்டுத் தேய்க்கிறார். முன்பு மாதக்கணக்கில் நடந்த இந்த டிரையவுட் இப்போது வெகுவாகக் குறைந்திருக்கிறது. இல்லாமல் போய்விடவில்லை. கணினிக்குத் தெரிந்த தகடு ஒன்று, பிரஸ்ஸுக்கு வருவது இன்னொன்று. சுருளுக்குச் சுருள் எண்கள் கொஞ்சம் நகரும், எண்ணெய் கூடக் குறைய இருக்கும், டை சூடேறும். அழுத்தத்தை எடுத்ததும் தகடு கொஞ்சம் திரும்பி எழும். அந்த ஸ்பிரிங்பேக்கைப் பிடிக்க ஆர் மதிப்பு மட்டும் போதாது. இழுத்துத் தள்ளி இழுத்துப் பார்த்து வேறு எண்கள் எடுக்க வேண்டும். அது தனிக் கதை.

இனி சுருளோடு வரும் காகிதத்துக்கு வருவோம். எந்தச் சுருளுக்கும் சோதனைச் சான்றிதழ் ஒன்று உண்டு. அதில் கரி எவ்வளவு, வலிமை எவ்வளவு, நீட்சி எவ்வளவு என்று வரிசையாக இருக்கும். ஐரோப்பியத் தரநிலை இ.என். 10130ஐ எடுத்தால், டி.சி.04 வகைத் தகட்டுக்கு ஆர் மதிப்பு குறைந்தது 1.6, டி.சி.05க்கு 1.9, டி.சி.06க்கு 2.1 என்று போட்டிருக்கும். நன்றாகப் பார்த்தால் அந்த எண்கள் எல்லாமே குறுக்குத் திசைக்கு மட்டும். நேர் திசைக்கும் மூலைவாட்டுக்கும் தரநிலை எதுவும் கோரவில்லை. கோராததை ஆலை தானாக எழுத வேண்டிய கட்டாயமும் இல்லை. கேட்டு, காசு கொடுத்தால் தருவார்கள்.

ஆகவே ஹில் கேட்ட மூன்று எண்களில் ஒன்றுதான் லாரியில் உறுதியாக வருகிறது. மற்ற இரண்டையும் பொறியாளர் பழைய சுருள்களின் கோப்பிலிருந்தோ, நிரலோடு வந்த பொருள் பட்டியலிலிருந்தோ எடுத்துப் போட்டுக்கொள்கிறார். பதினெட்டு எண்களைப் பற்றி மாநாடுகளில் விவாதம் நடந்துகொண்டிருக்கையில், பிரஸ் ஷாப்களில் பேரம் இரண்டாவது எண்ணுக்குத்தான்.